புலோரின் முற்றத்துக்கு வந்த பெரியவர்

சமர்கந்தை அடுத்த கட்டாகுர்கான் ஊரின் யூத சபையார் பதினாலு பேர் எருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பிய மூன்றாம் நாள், கலிலேயாவின் மலைச்சரிவில் அவர்கள் பார்த்துவிட்டு வந்த கல்லறை ஒன்று பின்னாலேயே வந்து, விதவை புலோரின் வீட்டு முற்றத்தில், ரொட்டி அடுப்புக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை. சந்தையில் வெங்காயம் விலை ஏறியிருந்தது. கல்லறை ஆள் உயரம் இருந்தது. மேலே வெள்ளைக் கும்மட்டம். பக்கச் சுவரில் யாரோ எப்போதோ பூசிய நீலச்சாயம் பாதிக்கு மேல் உரிந்திருந்தது. கூடவே ஒரு பல்லியும் வந்திருந்தது. அந்த ஜாதிப் பல்லி இந்த வட்டாரத்தில் கிடையாது என்று பள்ளிக்கூடத்து உயிரியல் ஆசிரியர் பிறகு வந்து பார்த்துச் சொன்னார். கொடியின் ஒரு முனை அறுந்து, ஈரத் தலையணை உறை ஒன்று மண்ணில் விழுந்து கிடந்தது. புலோர் முதலில் அதைத்தான் எடுத்தாள். உதறிப் பார்த்து, மறுபடி துவைத்துத்தான் ஆகவேண்டும் என்று தெரிந்ததும் வாளியில் போட்டாள். அதன் பிறகு கல்லறையை நிமிர்ந்து பார்த்து, "வந்தே வந்துட்டீங்களா?" என்றாள். வீட்டுக்கு எதிர்பாராமல் வந்துவிட்ட விருந்தாளியிடம் களைத்த பெண் ஒருத்தி எந்தக் குரலில் கேட்பாளோ, அதே குரல்தான்.

புலோருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. அவளைப் பற்றிச் சொல்ல ஊரில் யாரிடமும் பெரிதாக எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் அவள் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றித்தான். மாமியார் இடுப்பு ஒடிந்து ஒன்பது வருஷம் கிடந்தாள். அவளுக்கான ஏழு நாள் துக்கம் முடிவதற்குள் கணவன் ரஃபோயேலுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், நாலு வருஷம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்குப் பிறகு அவருடைய தம்பி இல்யோவு. கல்யாணம் ஆகாதவன், குடிப்பவன், போக வேறு போக்கிடம் இல்லாதவன். அவனுக்கு மூன்று வருஷம். மூன்று பேருமே ஒரே இரும்புக் கட்டிலில்தான் கிடந்தார்கள். அதில் படுத்த யாரும் எழுந்து நடந்ததில்லை. இல்யோவு போனதும் புலோர் கட்டிலைக் கழற்றிக் கொல்லைக் கொட்டகையில் போட்டாள். ஆனால் உடம்பு பழக்கத்தை விடவில்லை. சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. விழித்ததும், யாரும் இல்லாத இடத்தில் யாரையோ புரட்டிப் படுக்கவைக்கக் கை நீளும். எதையும் அவள் மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. யார் எதைக் கேட்டாலும் சரி என்பாள். ரொம்ப முடியாதபோது "பாக்கலாம்" என்பாள். அதற்கும் சரி என்றுதான் அர்த்தம், கொஞ்சம் தாமதமாக.

யாத்திரைக்கு ஏற்பாடு செய்தவர் சபைத் தலைவர் நிசோன். தொழிலில் சவரக்காரர், வயது எழுபது, மனைவியை இழந்தவர். சபையில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் முப்பதுக்குச் சற்று மேல். அதில் ஆண்கள் பதினோரு பேர். பத்து ஆண்கள் சேராமல் சபைத் தொழுகை கிடையாது என்பதால், யாருக்காவது சளி பிடித்தால்கூட நிசோன் போய் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு தும்மலை எண்ணுவார். மற்றவர்களெல்லாம் நியூயார்க்குக்கும் எருசலேமுக்கும் வியன்னாவுக்கும் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அப்படிப் போனவர்கள் சேர்ந்து, ஊரில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது புனிதத் தலங்களைப் பார்க்கட்டும் என்று பதினாலு பேருக்கு டிக்கெட் அனுப்பினார்கள். பார்த்தால் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். பார்த்தால் பக்தி கூடி ஊரிலேயே நிலைத்துவிடுவார்கள் என்று நிசோன் நினைத்தார். பதினாலு பேரில் மூத்தவருக்கு எண்பத்து மூன்று வயது. இளையவள் புலோர். அவளைச் சேர்க்க வேண்டுமா என்று பேச்சு வந்தபோது நிசோன், "அவ இல்லாம நாம விமானத்துல ஏறவே முடியாது. யாருக்கு எந்த மாத்திரைன்னு அவளுக்குத்தானே தெரியும்?" என்றார். விஷயம் அதோடு முடிந்தது.

ஆகவே புலோர் புனிதத் தலங்களின் வாசல்களை எல்லாம் நன்றாகப் பார்த்தாள். ராகேல் அன்னையின் கல்லறையில் பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தபோது அவள் ஒன்பது கைப்பைகளோடு வெளியே நின்றாள். ஹெப்ரோனில், ஆபிரகாமும் சாராளும் உறங்கும் இடத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில், உரியோ தாத்தாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தாத்தாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், காலி நாற்காலி சரிவில் உருளாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. எருசலேமில் மேற்குச் சுவரடியில் மட்டும் அவள் கல்வரைக்கும் போனாள். சுவரின் இடுக்கில் வைக்கச் சொல்லி ஊரார் கொடுத்தனுப்பிய வேண்டுதல் சீட்டுகள் முப்பத்தொன்று அவளிடம் இருந்தன. அதில் பதினேழு அக்கம்பக்கத்து முஸ்லிம் பெண்கள் கொடுத்தது. ஒவ்வொன்றாக மடித்துச் செருகி முடித்தபோது விரல் கணுக்கள் சிராய்த்திருந்தன. பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த தையற்காரி ஃப்ரெகோ அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உன் சீட்டு எங்கடி?"

"எழுத மறந்துட்டேன்க்கா."

"மறந்தியா? மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்துட்டு மறந்தியா? நான் என் மருமகளுக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன், எல்லாம் சாபம். இந்தா பேனா."

புலோர் பேனாவை வாங்கினாள். கேட்பதற்கு எதுவும் தோன்றவில்லை. ஒன்றை வேண்டும் என்று நினைப்பதற்கே ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃப்ரெகோவின் செருப்பு வார் அறுந்திருப்பதைப் பார்த்து ஊக்கு குத்திவிட்டாள்.

அன்று மாலை அவளுடைய மகள் சிவியோ ராம்லேயிலிருந்து பஸ் பிடித்து விடுதிக்கு வந்தாள். ஆறு வருஷம் கழித்துத் தாயும் மகளும் பார்த்துக்கொள்கிறார்கள். சிவியோ ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். அடுத்த ஷிஃப்ட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அழுது, கட்டிக்கொண்டு, புருஷன் அவ்னேரோடும் குழந்தைகளோடும் எடுத்த படங்களைக் காட்டி முடித்ததும், கூடத்து சோபாவில் உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, அவ்னேரோட அம்மாவால இப்ப எழுந்து உக்காரவே முடியல. நான் வேலைக்குப் போனா பாக்க ஆளில்ல. நீ இங்கயே இருந்துடேன்."

"இவங்களுக்கெல்லாம் மாத்திரை குடுக்கணும்டி."

"இவங்கள ஊர்ல கொண்டுபோய் விட்டுட்டு, வீட்ட வித்துட்டு வா. உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே?"

புலோர் மகளின் முகத்தைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வயசு முகத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையங்கள், பை மாதிரித் தொங்கின. பதிலுக்குக் காத்திருக்கும்போதே சிவியோவுக்குக் கண் சொருகி, கையிலிருந்த தேநீர்க் குவளை சாய்ந்தது. புலோர் அது கொட்டுமுன் வாங்கிக் கீழே வைத்தாள். "பாக்கலாம்" என்றாள்.

ஐந்தாம் நாள் திபேரியாவிலிருந்து அடுத்த புனிதத் தலமான மெரோனுக்குப் போகும் வழியில் பஸ் நின்றுவிட்டது. வழிகாட்டிப் பெண் லியோரா, உதிரிபாகம் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொன்னாள். ஜூன் மாத வெயில். சரிவில் ஒரு கரோப் மரமும் அதை ஒட்டி அந்தக் கல்லறையும் மட்டும்தான் நிழல். லியோரா தன் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினாள்; அந்த இடத்தில் எதுவும் போட்டிருக்கவில்லை. கல்வெட்டு எழுத்து முழுக்கத் தேய்ந்துவிட்டிருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் பைகள், நசுங்கிய டப்பாக்கள்; மெழுகுவர்த்தி எச்சம்கூட இல்லை. யாரோ ஒரு பெரியவர், யாரும் தேடி வராதவர். பேர் தெரியாதவரிடம் வேண்டிக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கொஞ்சம் விவாதித்தார்கள். அதற்குள் உரியோ தாத்தா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். அடுத்து ஃப்ரெகோ. நிசோன், "பத்து நிமிஷம்தான், எல்லாரும் கேட்டுக்கோங்க" என்று அறிவித்தபடியே சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் பதின்மூன்று பேரும், லியோராவும், ஓட்டுநரும், உதிரிபாகத்தோடு வந்த மெக்கானிக்கும் வரிசையாக அந்தச் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் குறட்டை விடவில்லை. புலோருக்கு மட்டும் உட்கார முடியவில்லை. குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. ஒடிந்த கிளை ஒன்றை எடுத்துச் சுற்றிலும் பெருக்கினாள். டப்பாக்களைப் பொறுக்கிப் பையில் கட்டினாள். கும்மட்டத்தில் காய்ந்திருந்த பறவை எச்சத்தைக் குடிதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். வேலை முடிந்து சாயலாம் என்று பார்த்தபோது சுவரில் இடம் இல்லை. தாத்தாவின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தூங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஏழு மணி நேரம் தூங்கினார்கள். எழுந்தபோது சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, மெரோனுக்குப் போக நேரம் இல்லை. ஆனாலும் யாரும் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளவில்லை. உரியோ தாத்தா பஸ் வரைக்கும் நடந்தே போனார். வழக்கப்படி ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கல்லறைமேல் வைத்துவிட்டு ஏறினார்கள். கடைசியாகக் கல் வைத்த புலோர், எங்கள் ஊரில் எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வாய் தானாகச் சொல்லும் மரியாதைப் பேச்சை அந்தப் பெரியவருக்கும் சொன்னாள்: "எங்க பக்கம் வந்தா அவசியம் நம்ம வீட்டுக்கு வாங்க." சொன்னது அவ்வளவுதான். அவர் அதை மெய்யாகவே எடுத்துக்கொள்வார் என்று அவள் நினைக்கவில்லை.

கல்லறை வந்த செய்தி கேட்டு நிசோன் சவரக் கத்தியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். பாதி சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளரும் பின்னால் வந்தார். நிசோன் கல்லறையைச் சுற்றி வந்து, மேலே தான் வைத்த கூழாங்கல்லை அடையாளம் கண்டு, முத்தமிட்டார்.

"இது உன் முற்றத்துல இருக்க வேண்டிய பொருளா? ஜெபக்கூடத்துக்குக் கொண்டுபோயிடலாம். நாலு ஊர்லேர்ந்து ஜனம் வரும். சபை பிழைச்சுக்கும்."

"கொண்டுபோங்கண்ணே. எனக்குத் துணி காயப்போட இடமில்ல."

பருத்தி ஆலையிலிருந்து கிரேன் வந்தது. சங்கிலி கட்டுவதற்காகக் கல்லறையில் முதுகைக் கொடுத்த இரண்டு தொழிலாளிகள் அப்படியே தூங்கிப்போனார்கள். இறங்கி வந்து அவர்களை உலுக்கிய கிரேன் ஓட்டுநரும் தூங்கினார். புலோர் மூவருக்கும் போர்வை போர்த்தினாள். மறுநாள் எழுந்த கிரேன் ஓட்டுநர், பன்னிரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காரியம் இருக்கிறது என்று சொல்லி, நேரே புகாராவுக்குப் போய்த் தன் அண்ணனோடு சமாதானம் ஆனார். கிரேனை வேறொருவர் வந்து எடுத்துப் போனார். கலிலேயாவில் புனிதக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு நிசோன் கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: குறிப்பிட்ட சரிவில் கல்லறை எதுவும் பதிவாகியிருக்கவில்லை, ஆகவே எதுவும் காணாமல் போகவும் இல்லை, அன்புடன்.

இதற்கிடையே சபை கரையத் தொடங்கியது. யாத்திரையில் தூங்கி எழுந்த பதின்மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு தெம்பு வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அவரவர் செய்ய முடியாமல் விட்டுவைத்த காரியத்தைச் செய்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் அது ஒரே காரியம்தான். ஃப்ரெகோ ஒரு வியாழக்கிழமை தேநீர் கொதிக்கவைக்கும் சமோவாரைத் தூக்கிக்கொண்டு வியன்னாவில் இருக்கும் மகனிடம் போய்விட்டாள், எந்த மருமகளுக்கு இரண்டு பக்கம் சாபம் எழுதினாளோ அதே மருமகளோடு இருப்பதற்கு. உரியோ தாத்தா கைத்தடியைக் கொண்டுவந்து புலோரிடம் கொடுத்துவிட்டு நியூயார்க் போனார். அண்ணன் தம்பி இரண்டு பேர் கடையைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்தார்கள். இத்தனை வருஷமும் அவர்களை ஊரில் கட்டிப்போட்டிருந்தது மண்ணும் இல்லை, மூதாதையர் கல்லறையும் இல்லை, வெறும் களைப்புதான் என்பது அப்போது தெரியவந்தது. பதினோரு ஆண்கள் எட்டானார்கள், ஐந்தானார்கள். நிசோன் ஒருநாள் முற்றத்தில் வந்து நின்று கல்லறையைப் பார்த்துக் கத்தினார்: "உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்? ஒரு வாளித் தண்ணி ஊத்திக் கழுவினோமே, அதுவா குத்தம்?" கத்தியதில் மூச்சு வாங்கவே, கொஞ்சம் சாய்ந்துகொண்டார். அது அவருக்கு இரண்டாவது தடவை. எழுந்து சமர்கந்துக்குப் போய், நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெண் கேட்கத் தைரியம் வராமல் விட்ட ஒருத்தியை, இப்போது அவளும் விதவை, கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தார். சபைக்கு ஆண் சேரவில்லை. ஒரு பெண் சேர்ந்தாள்.

யூதர்கள் குறையக் குறைய ஊரார் வர ஆரம்பித்தார்கள். பருத்தி பறித்துவிட்டு வரும் பெண்கள், இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் நர்சுகள், மூன்று பிள்ளை பெற்று நாலாவதைச் சுமக்கும் மருமகள்கள், ஒரு தடவை மசூதியின் இமாமே. களைத்தவர்களின் பெரியவர் என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். வருகிறவர்கள் சாய்வார்கள், தூங்குவார்கள், எழுந்து போவார்கள். புலோர் அவர்களுக்குப் போர்வை போர்த்தினாள், செருப்பை எடுத்து வரிசையாக வைத்தாள், எழுந்ததும் பச்சைத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தாள், போர்வைகளைத் துவைத்தாள். ஒரே சமயத்தில் பதினெட்டுப் பேர் தூங்கிய நாளும் உண்டு. இப்படி ஆறு வருஷம் போனது. அவளுடைய முழங்கால் வீங்கியது. கூன் விழுந்தது. வருகிற பெண்கள், "அக்கா, நீங்க கொஞ்சம் சாஞ்சுக்கங்களேன்" என்பார்கள். "பாக்கலாம்" என்பாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்தச் சுவரில் முதுகைக் கொடுக்கவில்லை. துடைக்கும்போதுகூடக் கையை நீட்டி எட்ட நின்றுதான் துடைத்தாள்.

ஏழாம் வருஷம் ஆகஸ்டில் சிவியோ வந்தாள், அம்மாவை அழைத்துப்போக. யாத்திரையில் சொன்ன "பாக்கலாம்" இன்னும் அப்படியே இருந்தது. இந்தத் தடவை வீட்டுக்கு விலை பேச ஒரு ஆளையும் ஃபோனிலேயே ஏற்பாடு செய்திருந்தாள். முற்றத்தில் கால் வைத்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "பத்து நாள்ல கிளம்பணும்மா. அத்தைக்கு முதுகெல்லாம் புண்ணு. ராத்திரி மூணு தரம் எழுந்திருக்கிறேன். பெரியவனுக்குப் பரீட்சை. அவ்னேருக்கு அவங்க அம்மாவத் தொடறதுக்குக் கூச்சமாம். என்னால முடியலம்மா, நீ வந்தே ஆகணும்." சொல்லிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தி, தான் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தெரியாமல் விழித்தாள்.

புலோர் அவளைத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கல்லறை ஓரத்தில் உட்காரவைத்தாள். "கொஞ்சம் சாஞ்சுக்கோ. பேசிக்கலாம்."

சிவியோ இரண்டு பகலும் இரண்டு இரவும் தூங்கினாள். மற்ற யாரையும் போர்த்திவிட்டுப் போய்விடும் புலோர், மகளின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைப்பாள். ஊரில் நூற்றுக்கணக்கான பேர் இந்தச் சுவரில் தூங்கி எழுந்து போனதை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள்; ஆனால் அவர்கள் ஊரார். அவளுடைய சொந்தத்தில் படுத்தவர்கள் யாரும் எழுந்ததில்லை. தான் எதற்காக ஆறு வருஷம் அந்தச் சுவரைத் தொடாமல் இருந்தாள் என்பது அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கே விளங்கியது. கூச்சம் இல்லை, வேலை இல்லை, வெறும் பயம். மூன்றாம் நாள் காலை மகள் கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா" என்றாள். புலோர் கொத்தமல்லியும் ஈரலும் போட்ட பச்சை நிறச் சோறு சமைத்துக் கொண்டுவந்தாள். சிவியோ மூன்று கிண்ணம் சாப்பிட்டாள். அவள் மென்று விழுங்குவதைப் புலோர் எதிரில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ ஏன் நிக்கற? உக்காரு."

"நான் படுத்தா யாருடி எழுப்புவா?"

சிவியோ சாப்பிட்ட கையோடு அப்படியே அம்மாவைப் பார்த்தாள். "எழுந்திரிக்கற வரைக்கும் நான் இருக்கேன். போ, சாஞ்சுக்கோ" என்றாள்.

புலோர் சுவரில் முதுகைக் கொடுத்தாள். நாற்பத்தொரு நாள் தூங்கினாள். முதல் வாரம் மருந்தகத்து நர்ஸ் வந்து நாடி பார்த்து, தன் நோட்டில் 'தூக்கம்' என்று எழுதிக்கொண்டு போனாள். சிவியோ பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தாள். வெயில் முகத்தில் விழுந்தபோது மறைப்புக்குப் பாய் கட்டினாள், காற்று குளிர்ந்தபோது இன்னொரு போர்வை சேர்த்தாள். சாய வந்தவர்களுக்கு அவளே தேநீர் கொடுத்தாள். டிக்கெட் தேதி போயிற்று. ராம்லேயிலிருந்து அவ்னேர் முதல் வாரம் ஃபோனில் கத்தினான். இரண்டாம் வாரம், ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி என்று கேட்டான், சிவியோ சொல்லிக்கொடுத்தாள். நாலாம் வாரம், தன் சின்ன வயசில் அம்மா பாடிய ஒரு பாட்டை, இப்போது அவன் குளிப்பாட்டும்போது அவள் பாடுகிறாள் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டான்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு பிற்பகல் புலோர் எழுந்தாள். முழங்கால் வீக்கம் வற்றியிருந்தது. கூன் அப்படியேதான் இருந்தது. "முலாம்பழம் இருக்கா?" என்று கேட்டாள். சிவியோ சந்தைக்கு ஓடி நீளப் பழம் ஒன்று வாங்கி வந்தாள். புலோர் பாதிப் பழத்தை ஒரே மூச்சில் தின்றாள், சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. அதைத் துடைக்காமலேயே சொன்னாள்:

"நான் வரலடி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல பதினோரு தரம் சொன்னியே. முதல் தரம் சொன்னப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. நாலாவது தரம் அழுதேன். அப்புறம் பழகிடுச்சு."

"அங்க யாரு பாக்கறது?"

"அவ்னேர் பாக்கறான். அவனோட அம்மாதானே." சிவியோ மிச்சப் பழத்தை வெட்டித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நல்லா ருசியா இருக்கே. எனக்கு வைக்காம தின்னுட்டியே."

அம்மாவும் மகளும் அன்று சிரித்ததை மதிலுக்கு வெளியே ரொட்டி விற்றுக்கொண்டிருந்தவள் கேட்டாள். புலோர் சிரித்து அதற்கு முன் தான் கேட்டதில்லை என்று அவள் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். சிவியோ அந்த வாரமே கிளம்பினாள். விலை பேச வந்த ஆளை, புலோரே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். ஒரே வார்த்தைதான் சொன்னாள், அவர் அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. மறுநாள் கதவில் ஒரு அட்டை தொங்கியது. வெள்ளி மதியத்திலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாள், அனுமதி கிடையாது. போர்வையை அவரவரே கொண்டுவரவும். தேநீர் அடுப்பில் இருக்கும், ஊற்றிக்கொள்ளவும். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு போர்வையோடு வந்தார்கள். வேலை முடிந்ததும் சாய்ந்து உட்காரப் புலோருக்கும் அந்தச் சுவரில் ஒரு பக்கம் இருந்தது. வேறு யாரும் அங்கே உட்காரமாட்டார்கள்.

கல்லறை இனிப் போய்விடும், வந்த வேலை முடிந்ததே என்று நிசோன் எதிர்பார்த்தார். அது போகவில்லை. அடுத்த வசந்தத்தில் நகராட்சியிலிருந்து வீட்டுக் கணக்கெடுக்க ஒரு குமாஸ்தா வந்தார். மூன்று தெரு முடித்துவிட்டு வந்திருந்தார். காலணியில் சேறு அப்பியிருந்தது, சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. முற்றத்தில் நிற்கும் கட்டடத்தைப் பார்த்து அதிசயப்படாமல் படிவத்தில் புதுத் தாள் எடுத்தார். கட்டுமானம் எதனால் என்று கேட்டார். கல் என்றாள் புலோர். எத்தனை அறை? ஒன்று. உள்ளே இருப்பவர்கள்? ஒருவர். பெயர்?

"தெரியாது. கேட்டதில்ல."

"உறவா?"

"விருந்தாளி."

குமாஸ்தா எழுதினார். "நிரந்தரமா, தற்காலிகமா? அத மட்டும் சொல்லிடுங்கக்கா, இன்னும் ரெண்டு தெரு இருக்கு" என்று கேட்டுக்கொண்டே, தாளைச் சரியாகப் பிடிப்பதற்காகச் சுவரில் தோளைச் சாய்த்தார். பேனா தாளிலேயே நின்றது. தலை மெல்லச் சரிந்தது. புலோர் அவர் கையிலிருந்து பேனாவையும் படிவத்தையும் எடுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 'நிரந்தரம்' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். படிவத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மாவு பிசைய உள்ளே போனாள்.